கைக்கு எட்டாத போல்ட்டைக் கழற்றுவது எப்படி? வீட்டிலேயே கார் வேலை பழகுபவர்களுக்கு

என்ஜினில் ஒரு போல்ட் எட்டவில்லை என்றால், புதிதாக வேலை பழகுபவர்கள் கிடைத்த சந்தில் ஸ்பேனரை நுழைத்து முக்கிப் பார்ப்பார்கள். ஸ்பேனர் அரைகுறையாகப் பிடித்து வழுக்கும், போல்ட் தலையின் முனைகள் தேய்ந்துபோகும். எட்டாத போல்ட்டைக்கூட எப்படியாவது எட்டிவிடலாம். தலை மழுங்கிய போல்ட்டை எடுப்பதுதான் பெரும்பாடு. அதனால் பலத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

என்ஜின் நன்றாக ஆறட்டும். பேட்டரியின் நெகடிவ் கேபிளைக் கழற்றிவிடுங்கள். ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு வரும் தடித்த கேபிளில் சாவி போடாதபோதும் மின்சாரம் இருக்கும். ஸ்பேனர் அதையும் என்ஜின் உலோகத்தையும் ஒருசேரத் தொட்டால் நெருப்புப் பொறி பறக்கும். காரின் அடியில் போக வேண்டுமென்றால் ஜாக்கை மட்டும் நம்ப வேண்டாம், ஜாக் ஸ்டாண்ட் கட்டாயம்.

முதலில் கண்ணால் பாருங்கள்

கை நுழையாத இடத்திலும் போன் கேமரா நுழையும். விளக்கைப் போட்டு வீடியோ எடுத்துப் பாருங்கள். போல்ட் தலை எந்தப் பக்கம் பார்க்கிறது, அறுகோணத் தலையா, நட்சத்திர வடிவ டார்க்ஸா, சுற்றிலும் எந்த ஒயர், எந்த ஹோஸ் போகிறது என்பதெல்லாம் தெரிந்துவிடும். தலையின் குழிக்குள் சேறோ துருவோ இருந்தால் சுரண்டி எடுங்கள். இல்லையென்றால் கருவி முழு ஆழம் இறங்காது.

கண்ணாடி வைத்துப் பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். போல்ட் தலையை நேருக்கு நேர் பார்த்தால் எதிர்க்கடிகாரத் திசையில் சுற்றினால் தளரும். கண்ணாடியில் அந்தத் திசை எதிர்மாறாகத் தெரியும். என்ஜினின் பின்பக்கம் இருக்கும் போல்ட்டைத் தளர்த்துவதாக நினைத்து இன்னும் இறுக்கிவிடுவது இப்படித்தான்.

வழியை உண்டாக்குங்கள்

ஏர் ஃபில்டர் பெட்டி, அதன் குழாய், பேட்டரி, அடிப்பக்கக் கவர், முன் சக்கரம். இவற்றில் எதைக் கழற்றினால் போல்ட்டுக்கு நேர்வழி கிடைக்கும் என்று யோசியுங்கள். கூடுதல் வேலையாகத் தோன்றும். ஆனால் சந்துக்குள் மல்லுக்கட்டும் நேரத்தைவிட இது எப்போதும் குறைவுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

நேர்வழி பக்கத்திலிருந்துதான் வர வேண்டும் என்பதில்லை. பல கார்களில் ஸ்டார்ட்டர் மோட்டாரின் மேல் போல்ட்டை மேலிருந்து எட்டவே முடியாது. கீழே போய், கியர்பாக்ஸுக்கு மேலாக நீளமான எக்ஸ்டென்ஷனை (சாக்கெட்டுக்கும் கைப்பிடிக்கும் நடுவே மாட்டும் கம்பி) விட்டால், ராட்செட் (முன்னும் பின்னும் அசைத்தாலே ஒரே திசையில் சுற்றும் பல்சக்கரக் கைப்பிடி) உங்கள் கைக்கு வசதியான திறந்த இடத்தில் வந்து நிற்கும்.

இறுக்கம் விடுவது ஒரு வேலை, சுழற்றி எடுப்பது வேறு வேலை

முழு நுட்பமும் இதில்தான் இருக்கிறது. இரண்டையும் ஒரே கருவியால் செய்யப் பார்ப்பதால்தான் போல்ட் கெடுகிறது.

இறுக்கம் விட, ஆறு முனை சாக்கெட் (தலை மேல் தொப்பிபோல் உட்காரும் கருவி) அல்லது ரிங் ஸ்பேனர். இது தலையின் பக்கங்களை நன்றாகக் கவ்வும். துரு பிடித்திருந்தால் ஊடுருவும் எண்ணெய் அடித்துக் காத்திருங்கள். சாக்கெட் முழுதாக உட்கார்ந்ததா என்று விரலால் தடவிப் பார்த்து, மறு கையால் சாக்கெட்டைத் தலையோடு அழுத்திப் பிடித்தபடி கைப்பிடியைச் சீராக இழுங்கள். சாக்கெட்டைச் சாய்த்துப் பிடிக்க உதவும் வளையும் மூட்டான யுனிவர்சல் ஜாயிண்ட் போட்டே ஆக வேண்டுமென்றால் வளைவு எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. அதிகம் வளைந்தால் முறுக்குவிசை பக்கவாட்டில் திரும்பி, சாக்கெட் தலையை விட்டு நழுவும். ஜாயிண்ட்டின் மேல் இன்சுலேஷன் டேப்பை ஒரு சுற்று சுற்றினால் துவண்டு விழாமல் நிற்கும்.

ஒருமுறை விட்டுவிட்டால், பிறகு வேகமாகச் சுழற்ற எது நுழைகிறதோ அது போதும். ராட்செட் பற்கள் இங்கே முக்கியம். 36 பல் ராட்செட் அடுத்த பல்லைப் பிடிக்க 10 டிகிரி அசைய வேண்டும், 72 பல்லுக்கு 5 டிகிரி போதும். ராட்செட்டே நுழையாத இடத்தில் திறந்த வாய் ஸ்பேனரை எடுங்கள். அதன் வாய் பொதுவாக 15 டிகிரி சாய்ந்திருக்கும். 30 டிகிரி திருப்புங்கள், எடுங்கள், ஸ்பேனரைப் புரட்டி மறுபடி மாட்டுங்கள். ஒவ்வொரு முறையும் புரட்டினால் 30 டிகிரி இடைவெளியிலேயே போல்ட் வெளியே வந்துவிடும். பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

திரும்ப மாட்டும்போது

கழற்றுவதைவிட இதில்தான் அதிகக் கவனம் தேவை. போல்ட் கை நழுவி விழாமலிருக்க, சாக்கெட்டின் உள்ளே சிறு துண்டு டேப் அல்லது கொஞ்சம் கிரீஸ் வையுங்கள். பிறகு ராட்செட்டை மாட்டாமல், எக்ஸ்டென்ஷனை மட்டும் விரல்களால் சுற்றுங்கள். முதலில் எதிர்த்திசையில் மெல்லத் திருப்பினால் மரை விளிம்பு விழும் இடத்தில் சின்னதாக ஒரு தட்டு கையில் உணர்வீர்கள். அங்கிருந்து கடிகாரத் திசையில் திருப்புங்கள். சில சுற்றுகள் விரலாலேயே இலகுவாகப் போக வேண்டும். முதல் சுற்றிலேயே இறுகினால் மரை கோணலாக ஏறுகிறது என்று பொருள். உடனே வெளியே எடுங்கள். அலுமினிய என்ஜினில் மரை சீக்கிரம் போய்விடும்.

இறுதி இறுக்கத்துக்கு காரின் சர்வீஸ் மேனுவல் சொல்லும் அளவையே வையுங்கள். நேரான எக்ஸ்டென்ஷன், இறுக்கும் விசையை அளக்கும் டார்க் ரெஞ்ச்சின் அளவைப் பெரிதாக மாற்றாது. காக்கைக்கால் ஸ்பேனரை (கைப்பிடி இல்லாத, ரெஞ்ச் முனையில் மாட்டும் ஸ்பேனர் வாய்) மாட்டினால், அது டார்க் ரெஞ்ச்சின் கைப்பிடிக்கு 90 டிகிரியில் நிற்கட்டும். நேராக நீட்டி மாட்டினால் கைப்பிடி நீளம் கூடியதுபோல் ஆகி, ரெஞ்ச் காட்டுவதைவிட அதிகமாக இறுகிவிடும்.

பேட்டரியை மாட்டுவதற்கு முன் சாக்கெட் பெட்டியைத் திறந்து, எடுத்த ஒவ்வொரு கருவியும் திரும்பி வந்துவிட்டதா என்று எண்ணிப் பாருங்கள். காணாமல்போன 10 மி.மீ. சாக்கெட் பெல்ட்டின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம்.