பேக்கப் இருந்தும் கோப்புகள் வரத் தாமதமாவது ஏன்? சர்வர் மீட்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரவு ஒன்பது மணிக்கு ஓர் அச்சகத்திலிருந்து அழைப்பு வந்தது. கோப்புகளை வைத்திருந்த சர்வரில் டிஸ்க் பழுதாகிவிட்டது. புதிய டிஸ்க் போட்டாகிவிட்டது, பேக்கப்பும் பத்திரமாக இருக்கிறது. ஆனால் 600 ஜிகாபைட் வடிவமைப்புக் கோப்புகளை மீட்க இன்னும் 15 மணி நேரம் ஆகும் என்று திரை காட்டுகிறது. மறுநாள் காலை எட்டு மணிக்கு அச்சுப் பிளேட் போட வேண்டிய வேலைகள் அந்தக் கோப்புகளில்தான் இருந்தன. நான் போய்ச் சேர்வதற்குள் மீட்பை இரண்டு முறை பாதியில் நிறுத்தி, மூன்றாவது முறையாகத் தொடங்கியிருந்தார்கள்.

“பேக்கப்பே பழுதா, தம்பி?” என்று உரிமையாளர் கேட்டார். 

“இல்லை அண்ணாச்சி, பேக்கப் நன்றாகத்தான் இருக்கிறது. வருகிற வழியில்தான் ஏதோ அடைப்பு” என்றேன்.

அப்படிச் சொல்ல வைத்தது திரையில் தெரிந்த வேகம். நொடிக்கு 11 மெகாபைட். ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. இணைப்பின் வேகத்தைப் பிட்டில் சொல்வார்கள்; எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். ஜிகாபிட் இணைப்பு என்றால் நொடிக்கு 110 மெகாபைட் அளவில் வர வேண்டும். 11, 12 என்று ஒரே இடத்தில் நிற்பது 100 மெகாபிட் இணைப்பின் அடையாளம். சர்வரிலிருந்து நெட்வொர்க் ஸ்விட்ச் வரை கேபிளைக் கையால் தடவிக்கொண்டே போனேன். மேசைக்கு அடியில், நாற்காலிச் சக்கரம் ஏறி ஏறி, ஓரிடத்தில் தட்டையாகியிருந்தது. அந்தக் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், அதாவது நான்கு ஜோடிகள். ஜிகாபிட் வேகத்துக்கு நான்கு ஜோடிகளும் வேண்டும்; 100 மெகாபிட்டுக்கு இரண்டே போதும். ஒரு ஜோடி அறுந்தால் பல கருவிகளில் இணைப்பு முற்றிலும் போய்விடுவதில்லை, வேகம் மட்டும் 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிடுகிறது. எச்சரிக்கை எதுவும் கண்ணில் படாது. கேபிளை மாற்றினோம். 15 மணி நேர வேலை ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது.

அளக்காமலே நிறுத்தித் தொடங்குவது

மீட்பு மெதுவாக ஓடும்போது எல்லோரும் செய்கிற முதல் தவறு இது. பதற்றம் புரிகிறது. ஆனால் காரணத்தைத் தொடாமல் மறுபடி தொடங்கினால் அதே வேகம்தான் வரும்; ஓடி முடிந்த மணி நேரங்களும் வீணாகும். கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க் போன்ற கருவிகள், அளவும் தேதியும் ஒத்துப்போகும் கோப்புகளைத் தாண்டிச் சென்றுவிடும். ஆகவே அங்கே இழப்பு குறைவு. பல கோப்புகளை ஒன்றாகக் கட்டிய டார் கோப்பிலிருந்து பிரித்தெடுப்பதை நிறுத்தினால் முதல் பைட்டிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியதுதான்.

மீட்பு என்பது நான்கு வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த சங்கிலி. பேக்கப் இருக்கும் டிஸ்க்கிலிருந்து படிக்க வேண்டும். சுருக்கத்தையும் குறியாக்கத்தையும் பிரிக்க வேண்டும். நெட்வொர்க் வழியே அனுப்ப வேண்டும். போய்ச் சேரும் டிஸ்க்கில் எழுத வேண்டும். இந்த நான்கில் எது மிக மெதுவானதோ, அதன் வேகம்தான் மொத்த வேகம். மற்ற மூன்றையும் எவ்வளவு திருத்தினாலும் ஒரு நிமிடம்கூட மிச்சமாகாது.

எந்த இடம் தேங்குகிறது என்பதை ஐந்து நிமிடத்தில் கண்டுபிடிக்கலாம். நெட்வொர்க்கை மட்டும் தனியே சோதிக்க ஐபெர்ஃப் இருக்கிறது. டிஸ்க் எவ்வளவு நேரம் ஓய்வில்லாமல் உழைக்கிறது என்பதை இரு முனைகளிலும் ஐஓஸ்டாட் காட்டும். கேபிள் எந்த வேகத்தில் பேசுகிறது என்பதை ஈத்டூல் சொல்லும். வெறும் எண்ணும் பேசும்: 35 முதல் 40 மெகாபைட்டில் நின்றால் வெளி டிஸ்க்கை யூஎஸ்பி 2.0 துளையில் செருகியிருக்கிறார்களா என்று பாருங்கள். 110-இல் நின்றால் ஜிகாபிட் இணைப்பு முழுக்க நிரம்பி ஓடுகிறது என்று பொருள். அங்கே பழுது எதுவும் இல்லை. தொடக்கத்தில் பாய்ந்து சென்று சில நிமிடங்களில் வேகம் விழுந்தால், எழுத வேண்டியவை அதுவரை சர்வரின் நினைவகத்தில்தான் சேர்ந்துகொண்டிருந்தன என்று கொள்ளலாம். டிஸ்க்கின் உண்மையான வேகம், விழுந்த பிறகு தெரிவதுதான்.

ஜிகாபைட்டை மட்டும் பார்ப்பது

“வெறும் 20 ஜிகாபைட்தானே, இதற்கு ஏன் இத்தனை மணி நேரம்?” என்ற கேள்வியை மின்னஞ்சல் சர்வர்களில் அடிக்கடி கேட்டிருக்கிறேன். ஒவ்வோர் அஞ்சலும் தனிக் கோப்பாக இருக்கும் சர்வர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சராசரியாக 10 கிலோபைட் அளவில் 20 லட்சம் கோப்புகள். கூட்டினால் 20 ஜிகாபைட். இதே 20 ஜிகாபைட் ஒரே கோப்பாக இருந்தால், நொடிக்கு 100 மெகாபைட் எழுதும் சாதாரண ஹார்ட் டிஸ்க்கில் மூன்றரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

20 லட்சம் கோப்புகள் என்றால் கணக்கே வேறு. நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் டிஸ்க்கில் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிநொடி ஆகிறது. தேவையான இடம், படித்து எழுதும் தலைக்கு அடியில் வர, சராசரியாக அதில் பாதி. தலை நகர்வதற்கு இன்னும் எட்டு மில்லிநொடி அளவில். ஆக, ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போய் எழுத ஏறக்குறைய 12 மில்லிநொடி. ஒரு கோப்புக்கு ஒரே ஒரு முறை தலை நகர்ந்தாலும் 20 லட்சம் கோப்புகளுக்கு 6 மணி 40 நிமிடம் ஓடிவிடும். உண்மையில் கோப்பின் பெயர், உரிமை, தேதி, உள்ளடக்கம் என்று ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் எழுத வேண்டியிருக்கிறது. இயங்குதளம் பலவற்றைச் சேர்த்து ஒன்றாக எழுதி ஓரளவு காப்பாற்றுகிறது. ஆனாலும் மூன்றரை நிமிடத்துக்கு அருகில்கூட வராது.

இந்த இடத்தில் வேகமான நெட்வொர்க்குக்குப் பணம் செலவழிப்பது வீண். மீட்கும் இடத்தை, சுழலும் தட்டோ தலையோ இல்லாத எஸ்எஸ்டியாக மாற்றினால் உடனே வித்தியாசம் தெரியும். கோப்பு கோப்பாக எடுக்காமல் டிஸ்க்கின் முழுப் பிம்பத்தையும் ஒரே மூச்சில் மீட்டு, பிறகு அதிலிருந்து வேண்டியதை எடுப்பதும் நல்ல வழி. கோப்புறைகளைப் பிரித்து நான்கைந்து மீட்புகளை ஒரே நேரத்தில் ஓட்டுவது எஸ்எஸ்டியில் கைகொடுக்கும்; ஒற்றை ஹார்ட் டிஸ்க்கில் தலையை இன்னும் அலைக்கழிக்கும்.

கோப்பு எழுதப்பட்ட மறுகணமே அதைத் திறந்து பார்க்கும் வைரஸ் தடுப்பு மென்பொருளும் இங்கே பெரிய தடை. மீட்கும் கோப்புறைக்கு மட்டும் அதைத் தற்காலிகமாக நிறுத்தி, முடிந்த பிறகு மொத்தமாகச் சோதிக்கலாம். ஆனால் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் தாக்குதலுக்குப் பிறகு மீட்கிறீர்கள் என்றால், தயவுசெய்து அதை நிறுத்தாதீர்கள். அந்தச் சூழலில் தாமதம் பரவாயில்லை.

பேக்கப் எடுத்த நாளில் விதைத்தவை

மீட்பில் படும் பாட்டில் பாதி, பேக்கப் எடுக்கும்போதே முடிவாகிவிடுகிறது. இரவில் சீக்கிரம் முடிய வேண்டும், இடம் மிச்சமாக வேண்டும் என்ற இரண்டையும் மட்டும் மனதில் வைத்துத் திட்டமிடுகிறோம். திரும்ப எடுக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று யாரும் கேட்பதில்லை.

மொத்த சர்வரையும் ஒரே டார் கோப்பாகக் கட்டி, ஜிஜிப்பில் சுருக்கி வைப்பது பழைய வழக்கம். இதற்குள் எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற அட்டவணை கிடையாது. 400 ஜிகாபைட் கட்டின் கடைசியில் இருக்கும் ஒரே ஒரு கணக்குக் கோப்பு வேண்டும் என்றால், முதலிலிருந்து விரித்துக்கொண்டே போக வேண்டும். விரிக்கும் வேலையையும் ஜிஜிப் பிராசசரின் பல கோர்களில் (உழைக்கும் பிரிவுகளில்) ஒரே ஒரு கோரில்தான் செய்கிறது. 16 கோர்கள் உள்ள சர்வரில் ஒன்று மட்டும் 100 விழுக்காடு உழைத்து, மற்றவை சும்மா இருந்தால், சராசரி 6 விழுக்காடு என்று காட்டும். அதைப் பார்த்து “பிராசசருக்கு வேலையே இல்லை” என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். கோர் வாரியாகப் பிரித்துப் பாருங்கள். பிரச்சினை இதுதான் என்றால், அடுத்த பேக்கப்பிலிருந்து, விரிப்பதில் ஜிஜிப்பைவிடப் பல மடங்கு வேகமான இசட்ஸ்டாண்டர்டுக்கு மாறலாம். கோப்புறை வாரியாகத் தனித்தனிக் கட்டுகளாகவும் வைக்கலாம்.

மாதத்துக்கு ஒரு முழு பேக்கப், மற்ற நாட்களில் மாற்றங்கள் மட்டும் என்ற முறையில், 29-ஆம் தேதி பழுதானால் முழுப் பேக்கப்பின் மேல் அத்தனை நாள் மாற்றங்களையும் வரிசையாக அடுக்க வேண்டிவரும். இடையில் ஒன்று கெட்டிருந்தால் அதற்குப் பிந்தியவை கைக்கு வராமல் போகலாம். வாரம் ஒரு முழு பேக்கப் எடுப்பது இடத்தைத் தின்னும். நான் அதையே விரும்புகிறேன். ஒரே மாதிரியான துண்டுகளை ஒரு முறை மட்டும் சேமிக்கும் முறையிலும் இப்படித்தான்: புதிய கோப்பின் துண்டுகள் பல மாதங்களாகச் சேர்ந்த பழைய துண்டுகளுக்கு நடுவே சிதறிக் கிடக்கும். அந்தக் களஞ்சியம் ஹார்ட் டிஸ்க்கில் இருந்தால், ஒரு கோப்பைக் கோத்தெடுக்கத் தலை ஊர் சுற்றி வர வேண்டும்.

உள் நெட்வொர்க்கில் ஆர்சிங்க் ஓட்டும்போது பழக்க தோஷத்தில் சுருக்கி அனுப்பும் விருப்பத்தைச் சேர்ப்பவர்கள் உண்டு. ஜேபெக் படங்களையும் வீடியோக்களையும் மேலும் சுருக்க முடியாது, பிராசசர்தான் திணறும்.

மேகத்தில் இருப்பவை கையில் இருப்பவை அல்ல

அமேசானின் மேகச் சேமிப்பில், அரிதாகத் தேவைப்படுபவற்றுக்கான எஸ்3 கிளேசியர் டீப் ஆர்க்கைவ் மலிவானது என்பதற்காகப் பலர் எல்லாவற்றையும் அதில் போடுகிறார்கள். அதிலிருந்து ஒரு கோப்பைக் கேட்டால், பதிவிறக்கம் தொடங்கும் நிலைக்கு வரவே சாதாரண முறையில் 12 மணி நேரம் வரை, மலிவான மொத்த முறையில் 48 மணி நேரம் வரை ஆகும். இணைய வேகத்துக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. நேற்றைய பேக்கப் அங்கே இருக்கக் கூடாது. ஏழு ஆண்டுக்கு முந்தைய கணக்குகள் இருக்கலாம்.

ஸ்னாப்ஷாட்டிலிருந்து, அதாவது ஒரு கணத்தில் டிஸ்க் இருந்த நிலையின் பதிவிலிருந்து, உருவாக்கும் டிஸ்க் இன்னும் நுட்பமாக ஏமாற்றும். அமேசானில் அது சீக்கிரமே “தயார்” என்று காட்டிவிடும். ஆனால் உள்ளே இருக்க வேண்டிய தரவு இன்னும் எஸ்3 கிடங்கில்தான் இருக்கிறது. ஒவ்வொரு பகுதியையும் முதல் முறை தொடும்போதுதான் அது கொண்டுவரப்படுகிறது. உடனே டேட்டாபேஸைத் தொடங்கிவிட்டு, ஏன் நகரவில்லை என்று தேடிக் களைத்தவர்களை எனக்குத் தெரியும். ஒரு முறை டிஸ்க் முழுவதையும் படித்து முடித்தபின் பயனர்களை உள்ளே விடுங்கள். அமேசானின் ஜிபி2 வகை டிஸ்க்கில் இன்னொரு சிக்கல்: 100 ஜிகாபைட் டிஸ்க்கின் அடிப்படை வேகம் நொடிக்கு 300 படிப்பு, எழுத்துச் செயல்கள்தான். சேர்த்து வைத்த வரவு இருக்கும்வரை 3,000 வரை ஓடும்; அது சுமார் அரை மணி நேரத்தில் தீர்ந்தால் வேகம் பத்தில் ஒரு பங்காகிவிடும்.

பேக்கப் எந்த டிஸ்க்கில் இருக்கிறது என்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு மென்பொருள் நிரல்களைச் சேமிக்கும் சேவை தரும் கிட்லேப் நிறுவனமே வெளிப்படையாக எழுதிய அனுபவம் இருக்கிறது. 2017 ஜனவரி 31 அன்று, ஒரு பொறியாளர் முதன்மை டேட்டாபேஸ் சர்வரின் கோப்புறையைத் தவறுதலாக அழித்துவிட்டார். ஏறத்தாழ 300 ஜிகாபைட் போயிற்று. அன்றாட பேக்கப்போ, டேட்டாபேஸ் பதிப்பு ஒத்துப்போகாததால், யாரும் அறியாமல் தோற்றுக்கொண்டிருந்தது. ஆறு மணி நேரம் முன்பு தற்செயலாக எடுத்த ஒரு ஸ்னாப்ஷாட் மட்டும் சோதனைச் சர்வரில் இருந்தது. சோதனைக்கான சர்வர் என்பதால் அதன் டிஸ்க் மெதுவானது. அங்கிருந்து தரவை நகலெடுக்கவே சுமார் 18 மணி நேரம் பிடித்தது.

அந்த அச்சகத்தில் இப்போது சர்வருக்குப் பக்கத்தில் நூல் கட்டிய ஒரு நோட்டு தொங்குகிறது. மாதத்தின் முதல் சனிக்கிழமை, ஒவ்வொரு முறையும் ஒரே 60 ஜிகாபைட் கோப்புறையை பேக்கப்பிலிருந்து வேறோர் இடத்துக்கு மீட்டு, ஆன நிமிடத்தை அதில் எழுதுகிறார்கள். 9, 10, 9, 9 என்று போய்க்கொண்டிருந்த பக்கத்தில் ஒரு மாதம் 41 என்று இருந்தது. எழுதிய பையனே என்னை அழைத்தான். பேக்கப் டிஸ்க்கைச் சோதித்தபோது, பழுதாகி மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டார்களின் (டிஸ்க்கின் சிறு பகுதிகளின்) எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருந்தது. சர்வர் நன்றாக ஓடிக்கொண்டிருந்த அந்தச் சனிக்கிழமை மாலையிலேயே டிஸ்க்கை மாற்றினோம்.