கிராகோவ் போனால் எப்படிச் சுற்றுவது

யாழ்ப்பாணத்திலிருந்து போலந்துக்குப் படிக்க, வேலைக்கு என்று வெளிக்கிடுகிறவர்கள் கிராகோவைக் கட்டாயம் நடந்தே பாருங்கள். விடியவே 1257 இல் அமைத்த சந்தைச் சதுக்கத்துக்குப் போய், மரியன்னை தேவாலயக் கோபுரத்தின் கீழே நில்லுங்கள். மணிக்கொரு தடவை மேலிருந்து நாலு திசைக்கும் எக்காளம் ஊதுவார்கள், மெட்டு பாதியில் சட்டென்று அறுந்துவிடும், அது பிழையில்லை, மரபே அப்படித்தான். பசித்தால் தள்ளுவண்டியில் ஒப்வஜானெக் வாங்குங்கள், வெந்நீரில் அவித்துப் பிறகு சுட்ட வளையப் பாண், எள்ளுப் போட்டதுதான் நல்லது.

அப்புறம் வாவெல் கோட்டை. வியெலிச்கா உப்புச் சுரங்கத்துக்கு அரை நாளாவது ஒதுக்குங்கள்: ஆனையிறவில் வெயிலில் விளைகிற உப்பையே பார்த்த எங்களுக்கு, நிலத்துக்கடியில் உப்பிலேயே குடைந்த தேவாலயம், அதன் சரவிளக்குக்கூட உப்புப் பளிங்கு! சுமார் 800 படி, உள்ளே குளிர். நல்ல சப்பாத்தும் சுவெட்டரும் போடுங்கள்.