பாக்கி தீராத மனஸ்தாபம்: மனந்திரும்புதலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் வந்துவிட்டால், ராமநாதபுரம் கடற்கரையில் பாம்பன், தங்கச்சிமடம், மூக்கையூர் பக்கத்துக் கத்தோலிக்க வீடுகளில் மனமாற்றம் பற்றிய பேச்சும் வந்துவிடும். வெள்ளிதோறும் இறைச்சி இல்லாத சுத்தபோசனம், சாயங்காலம் சிலுவைப்பாதை, ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வாரத்துக்குள் குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனம். சீர்திருத்தச் சபையான சி.எஸ்.ஐ.யில் இதே தவக்காலத்துக்கு லெந்து கூட்டங்கள் நடக்கும். எல்லாம் நல்லதுதான். ஆனால் ஈஸ்டர் விடிந்ததும் இந்தப் பேச்சு அடுத்த வருஷத்துக்கு ஒத்திவைக்கப்படுகிறதே, முதல் தவறு அங்கே இருக்கிறது. கனமான பாவங்களை வருஷத்துக்கு ஒரு முறையாவது அறிக்கையிட வேண்டும் என்பது கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம். அந்த ‘ஆவது’ நம் காதில் விழுவதில்லை. 1517இல் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தர் எழுதிய 95 கருத்துகளில் முதலாவதே விசுவாசியின் வாழ்க்கை முழுவதும் மனந்திரும்புதலாக இருக்க வேண்டும் என்பதுதான். இந்த ஒரு விஷயத்திலாவது இரண்டு தரப்பும் சண்டை போடத் தேவையில்லை.

அடுத்த தவறுதான் பெரியது. மனிதருக்குச் செய்த தவறைக் கடவுளோடு மட்டும் பேசித் தீர்த்துக்கொள்வது.

ஒரு விசைப்படகு கரையிலிருந்து மூன்று கடல் மைலுக்குள் வந்து மடி வலை இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 1983ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடல் மீன்பிடிச் சட்டப்படியே அது கூடாது. அங்கே நாட்டுப்படகுக்காரர் விரித்திருந்த வலை அறுந்து போகிறது. ஓட்டியவர் நல்ல கிறிஸ்தவர், மனசு உறுத்துகிறது. ஞாயிற்றுக்கிழமை முழங்காலில் நின்று அழுகிறார், உண்டியலில் ஐநூறு ரூபாய் போடுகிறார். சரி, வலை? கடன் வாங்கி வலை போட்டவர் இன்னும் கரையில்தான் உட்கார்ந்திருக்கிறார். பாவமன்னிப்பு பாவத்தைப் போக்குகிறது, ஆனால் பாவம் விளைவித்த சேதத்தையெல்லாம் அது சரிசெய்துவிடாது. எடுத்ததைத் திருப்பித் தர வேண்டும், கெடுத்த பெயரைச் சீராக்க வேண்டும் என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏடு தெளிவாகவே சொல்கிறது. இயேசுவைப் பார்க்க மரத்தில் ஏறிய வரி வசூலிப்பவர் சகேயுவின் கதையை ஞாயிறு மறைக்கல்வியில் எல்லோரும் படித்திருப்போம். மரத்தில் ஏறியது ஞாபகம் இருக்கும், கணக்கு மறந்திருக்கும். சொத்தில் பாதி ஏழைகளுக்கு, ஏமாற்றியது நாலு மடங்காக ஏமாந்தவருக்கே. கோவிலுக்குக் காணிக்கை என்று அவர் ஒரு காசுகூடச் சொல்லவில்லை.

தவறு எப்போதும் இவ்வளவு பளிச்சென்று தெரியாது. டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழித்துத்தான் படகில் பங்கு பிரிக்கிறார்கள். அந்தச் செலவுக் கணக்கில் கொஞ்சம் கூட்டி எழுதினால் யாருக்குத் தெரியும்? முன்பணம் கொடுத்த ஒரே காரணத்துக்காக மீனைக் குறைந்த விலைக்கு எடுக்கும் வியாபாரி, எடையில் கை வைப்பவர், மகளிர் குழுப் பணத்தைச் சொந்தச் செலவுக்குத் திருப்பியவர் யாரும் தன்னைத் திருடர் என்று நினைப்பதில்லை. அதனால் இவை குரு உட்கார்ந்து பாவசங்கீர்த்தனம் கேட்கும் தொட்டிவரை வந்து சேர்வதே கிடையாது. கோபப்பட்டேன், பூசைக்குப் போகவில்லை, பொய் சொன்னேன் என்ற பழைய பட்டியல்தான் ஒவ்வொரு முறையும் ஒப்பிக்கப்படுகிறது. நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டு வந்தவர்களிடம் திருமுழுக்கு யோவான் அவரவர் தொழிலைப் பற்றித்தான் பேசினார். வரி வசூலிப்பவனுக்கு, விதித்ததற்கு மேல் வாங்காதே. படைவீரனுக்கு, மிரட்டிப் பறிக்காதே. செய்த பாவங்களை நினைத்துப் பார்க்க, அதாவது ஆத்தும சோதனை செய்ய, உட்காரும்போது கையில் செலவு நோட்டும் இருந்தால் நல்லது.

கண்ணீரை மனமாற்றம் என்று நம்பிவிடுவது இன்னொரு தவறு. குடித்துவிட்டு மனைவியை அடித்தவர் உபவாச ஜெபத்தில் விம்மி அழுகிறார். கூடியிருப்பவர்கள் ‘ஸ்தோத்திரம்’ சொல்கிறார்கள். வீட்டுக்கு வந்ததும், “அதான் மன்னிப்புக் கேட்டுட்டேன்ல, இன்னும் ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?” என்று மறுபடி அதட்டல். மன்னிப்பை வசூல் பண்ண முடியாது. மன்னிப்பதா, எப்போது என்பதை அடிபட்டவர்தான் முடிவு செய்ய வேண்டும். மன்னித்தாலும் அதே வீட்டில் அடி வாங்கிக்கொண்டு இருக்க வேண்டும் என்று அர்த்தமில்லை. ‘ஏழெழுபது முறை மன்னிக்கச் சொல்லியிருக்கிறதே, தங்கச்சி’ என்று அவளுக்கு வசனம் சொல்லும் பெரியவர்கள், கணவரைக் குடிநோய் சிகிச்சைக்குக் கூட்டிப்போனால் ரொம்ப உதவியாக இருக்கும்.

திருத்தலப் பயணத்திலும் இதே ஆபத்து உண்டு. 1693 பிப்ரவரி 4 அன்று மறைப்பணியாளர் புனித அருளானந்தர் தலை வெட்டுண்ட ஓரியூருக்குப் போகிறோம், அந்தச் செம்மண்ணை வீட்டுக்குக் கொண்டுவருகிறோம். வேலிச் சண்டையில் பேச்சை நிறுத்திய அண்ணன் வீட்டைத் தாண்டித்தான் அந்த வேன் போகிறது. பீடத்தருகே காணிக்கையை வைத்துவிட்டு முதலில் சகோதரனிடம் போ என்று மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தில் இயேசு சொன்ன வரிசையை நாம் தலைகீழாக்கிவிட்டோம்.

இன்னொன்று, மீன்பாடு இல்லாவிட்டாலோ படகு பிடிபட்டாலோ, ‘என்ன பாவம் செய்தார்களோ’ என்று பேசுவது. சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளா என்று இயேசுவே கேட்டு, இல்லை என்று அவரே பதிலும் சொன்னார். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியில் ரயிலையும் கொண்டுபோனது, கிறிஸ்தவ ஆலயத்தையும் இடித்தது. அடுத்தவர் துயரத்தில் பாவக்கணக்குப் பார்க்கும் வேலை நமக்குத் தரப்படவில்லை. மனந்திரும்புங்கள் என்று இயேசு அங்கே சொன்னதும், செத்தவர்களைப் பற்றிப் பேச வந்தவர்களிடம்தான்.

நேர் எதிரான தவறும் சிலருக்கு உண்டு. மன்னிக்கப்பட்ட பாவத்தையே திரும்பத் திரும்ப அறிக்கையிட்டுத் தூக்கம் கெடுவார்கள். இவர்களுக்கு இன்னும் கடுமையான தவம் தேவையில்லை. ஒரே குருவிடம் நிதானமாகப் பேசி, அவர் சொல்வதை நம்பினால் போதும். அப்படியும் அடங்காவிட்டால் மனநல மருத்துவரைப் பார்ப்பதில் வெட்கமில்லை.

கடைசியாக, பலரும் கேட்பது: ஏமாற்றியது உண்மை, ஆனால் அந்த ஆள் இறந்துவிட்டார், என்ன செய்வது? வாரிசுகளிடம் கொடுக்கலாம். யாரும் இல்லை என்றால் ஏழைகளுக்குக் கொடுக்கலாம். அவதூறு என்றால், எந்த ஆட்களிடம் சொன்னோமோ அதே ஆட்களிடம் போய் ‘நான் சொன்னது பொய்’ என்று சொல்ல வேண்டும். இதுதான் பணத்தைவிடக் கஷ்டம். நேரில் போய் நின்றால் ஊரில் கலவரமாகும் என்ற பயம் இருந்தால், பணத்தைப் பங்குத்தந்தை வழியாகச் சேர்க்கச் சொல்லலாம். பாவசங்கீர்த்தனத்தில் சொன்னதை எந்தக் காரணத்துக்காகவும் அவர் வெளியே சொல்ல முடியாது என்பதால், யார் கொடுத்தது என்று வாங்குபவருக்குக்கூடத் தெரியாது.