மனநோய் உள்ளவருக்குத் தண்டனையா? டெல்டா குடும்பங்கள் மேல்முறையீடு செய்யும் முறை

தீர்ப்பு வந்த நாளிலிருந்தே கெடு ஓடத் தொடங்கிவிடுகிறது. அமர்வு நீதிமன்றம் தந்த சிறைத்தண்டனையை எதிர்த்து உயர் நீதிமன்றம் செல்ல 60 நாள். மாஜிஸ்திரேட் தந்த தண்டனை என்றால் அமர்வு நீதிமன்றத்துக்கு 30 நாள். ஆகவே முதலில் தீர்ப்பு நகலைக் கேட்டு வாங்குங்கள். சிறைத்தண்டனை பெற்றவருக்கு அதை இலவசமாகத் தர வேண்டும். கெடு தாண்டியிருந்தாலும், தக்க காரணம் காட்டி, தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவைச் சேர்த்துத் தாக்கல் செய்யலாம்.

அடுத்தது, எங்கே செல்வது என்பது. உயர் நீதிமன்ற மேல்முறையீடு என்றால், தஞ்சாவூர், திருச்சி மாவட்ட வழக்குகள் அதன் மதுரைக் கிளைக்கும், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை வழக்குகள் சென்னைக்கும் செல்லும்.

வக்கீல் செலவுக்காக நிலத்தை அடகு வைக்கும் முன், மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குச் செல்லுங்கள். காவலில் இருப்பவருக்கும் மாற்றுத்திறனாளிக்கும் வருமானம் பாராமல் இலவச வழக்கறிஞரைத் தர 1987ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்கிறது. மனநோய் உள்ளவரின் சட்ட உதவி உரிமையை 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமும் உறுதி செய்கிறது. 15100 என்ற தொலைபேசி எண்ணிலும் சட்ட உதவி கேட்கலாம். சிறையில் இருப்பவர், சிறை அதிகாரி வழியாகவே மேல்முறையீட்டு மனுவை அனுப்பலாம்.

இனிச் சொல்வதுதான் வழக்கின் உயிர். மனநோய் இருந்தது என்று காட்டினால் மட்டும் போதாது. தான் செய்வது இன்னதென்றோ, அது தவறென்றோ அறிய இயலாத நிலையில், அந்தச் செயலைச் செய்த நேரத்தில் அவர் இருந்தார் என்று காட்ட வேண்டும். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 84ஆவது பிரிவும், அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்ற சட்டத்தின் 22ஆவது பிரிவும் கேட்பது இதையே. அந்த நேரத்து மனநிலையைச் சம்பவத்துக்கு முன்னும், அப்போதும், பின்னும் நடந்தவற்றிலிருந்து அறியலாம் என்று 1964இல் தாக்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. அதனால், வீட்டில் ஜவுளிக்கடைப் பையில் கிடக்கும் ஓ.பி. சீட்டுகளை முதலில் எடுத்துத் தேதி வாரியாக அடுக்குங்கள். மருந்தின் பெயரும் மருத்துவமனை முத்திரையும் தெரிகிற ஒரு கசங்கிய சீட்டு, பிற்காலத்தில் வாங்கும் பெரிய சான்றிதழைவிட வலுவானதாக அமையக்கூடும். சீட்டுகள் தொலைந்திருந்தால், சிகிச்சை அளித்த மருத்துவமனையில் மருத்துவப் பதிவுகளின் நகலைக் கேளுங்கள். மனநோய் தீர வேண்டி குணசீலம் கோயிலில் ஒரு மண்டலம் தங்க வைத்திருந்தாலும் சொல்லத் தயங்காதீர்கள். நோய் முன்பே இருந்தது என்பதற்கு அதுவும் ஒரு தடயம். இரவெல்லாம் தூங்காமல் தெருவில் அலைந்ததைக் கண்ட அண்டை வீட்டாரின் பெயர்களையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இவை விசாரணையில் முன்வைக்கப்படாதவை என்றால், கூடுதல் சாட்சியம் ஏற்கக் கோரும் மனுவையும், தண்டனையை நிறுத்திவைத்துப் பிணை கோரும் மனுவையும் சேர்த்துப் போடுமாறு வழக்கறிஞரிடம் கேளுங்கள். முதல் மனு அரிதாகவே ஏற்கப்படும். விசாரணையின்போது ஏன் தரவில்லை என்பதற்கு நேர்மையான விளக்கம் வேண்டும்.

செயலைச் செய்த நேரத்து மனநோய் காரணமாக விடுதலை கிடைத்தாலும் அவர் நேராக வீட்டுக்கு அனுப்பப்படுவார் என்று எண்ண வேண்டாம். பாதுகாப்பான இடத்தில் வைக்கவோ, பொறுப்பேற்கும் உறவினரிடம் ஒப்படைக்கவோ நீதிமன்றம் உத்தரவிடும். அப்படிப் பொறுப்பேற்பவர் யார், தொடர் சிகிச்சை எங்கே என்பதை மேல்முறையீடு நடக்கும்போதே முடிவு செய்து வழக்கறிஞரிடம் எழுதிக் கொடுங்கள்.