ஸ்டீரியோவில் ஒலி சிதைந்தால் பழுது எந்த இணைப்பில் என்று கண்டறிவது எப்படி

வீட்டு ஸ்டீரியோவில் ஒலி கரகரத்தோ பிளந்தோ கேட்கும்போது, சத்தம் வெளிவரும் இடம் என்பதால் பலரும் முதலில் ஸ்பீக்கரையே குறை சொல்கிறார்கள். ஆனால் தனித்தனியே சரியாக இயங்கும் இரண்டு சாதனங்களை இணைக்கும்போதுதான் சிதைவு தொடங்குகிறது என்றால், ஒன்று அனுப்பும் சிக்னலின் அளவும் மற்றது எதிர்பார்க்கும் அளவும் பொருந்துகின்றனவா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். எதையும் கழற்றுவதற்கு முன், சிதைவு எப்போது வருகிறது என்று கவனித்துக்கொள்ளுங்கள். வால்யூம் மிகக் குறைவாக இருக்கும்போதே ஒலி கெட்டிருந்தால், சிக்னல் பெரும்பாலும் வால்யூம் குமிழுக்கு வந்து சேர்வதற்கு முன்பே கெட்டுவிட்டது என்று கொள்ளலாம். சத்தத்தைக் கூட்டும்போது மட்டும் கெட்டால், ஆம்ப்ளிஃபையரின் இறுதிப் பகுதியையோ ஸ்பீக்கரையோ சந்தேகிக்க வேண்டும்.

ஒரு பக்கம் மட்டும் சிதைகிறது என்றால் உங்களுக்கு வேலை எளிது. ஒவ்வொரு முறையும் ஆம்ப்ளிஃபையரை அணைத்துவிட்டு, அதன் பின்புறம் செருகியிருக்கும் இடது, வலது ஆர்.சி.ஏ. பிளக்குகளை (ஒலி சிக்னலைக் கொண்டுவரும் கேபிளின் முனைகளை) இடம் மாற்றிச் செருகிக் கேளுங்கள். சிதைவு மறு பக்கத்து ஸ்பீக்கருக்குத் தாவினால், குறை கேபிளிலோ ஒலியைத் தரும் சாதனத்திலோ இருக்கிறது. பிளக்குகளைப் பழையபடி வைத்து, அதே கேபிளை மறுமுனையில், அதாவது பிளேயரின் பக்கத்தில் மட்டும் மாற்றிச் செருகினால் இவ்விரண்டில் எது என்பதும் தெரிந்துவிடும்: சிதைவு இடம் மாறினால் பிளேயர், மாறாவிட்டால் கேபிள். முதல் மாற்றத்தில் சிதைவு இருந்த பக்கத்திலேயே நின்றால், எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவந்தபின் ஆம்ப்ளிஃபையரில் ஸ்பீக்கர் ஒயர்களை இடம் மாற்றுங்கள். அதே ஸ்பீக்கர் தொடர்ந்து கரகரத்தால் குறை அந்த ஸ்பீக்கரிலோ அதன் ஒயரிலோ உள்ளது. மற்ற ஸ்பீக்கருக்குச் சிதைவு போய்விட்டால் ஆம்ப்ளிஃபையரின் ஒரு சேனல் பழுதாகியிருக்கிறது.

இரு பக்கமும் சேர்ந்து கெடும்போது இந்தச் சோதனை எதையும் சொல்லாது. அப்போது பெரும்பாலும் அளவுப் பொருத்தமின்மையே காரணமாக இருக்கும், அதிலும் டர்ன்டேபிளை, அதாவது இசைத்தட்டுச் சுழற்றியை, இணைப்பதற்கான ஃபோனோ உள்ளீடு முதலிடம் வகிக்கும். டர்ன்டேபிளின் ஊசியைத் தாங்கி, அதன் அதிர்வை மின் சிக்னலாக்கும் மூவிங் மேக்னட் வகைக் கார்ட்ரிட்ஜ் சுமார் 5 மில்லிவோல்ட் மட்டுமே தருவதால், ஃபோனோ உள்ளீடு அதை ஏறத்தாழ 100 மடங்கு பெருக்கும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. சிடி பிளேயரின் முழு வெளியீடோ வழக்கமாக 2 வோல்ட். அதை ஃபோனோவில் செருகினால் அந்தப் பகுதி 200 வோல்ட்டை உண்டாக்க வேண்டியிருக்கும். அது முடியாததால் அலையின் உச்சிகள் வெட்டுப்பட்டு, வால்யூமை எவ்வளவு குறைத்தாலும் ஒலி அலறலாகவே கேட்கும். மேலும், இசைத்தட்டுப் பதிவில் குறைக்கப்பட்ட தாழ்சுருதிகளை ஈடுசெய்வதற்காக, ஆர்.ஐ.ஏ.ஏ. என்ற இசைத்தட்டுத் தர வளைவின்படி 1 கிலோஹெர்ட்ஸை ஒப்பிட 20 ஹெர்ட்ஸை இந்த உள்ளீடு ஏறத்தாழ 20 டெசிபல் உயர்த்தும். ஆகவே சாதாரண சிக்னல் இதில் நுழைந்தால் பாஸ் குமுறும். இப்போது விற்கப்படும் பல டர்ன்டேபிள்களில் இந்தப் பெருக்கத்தையும் திருத்தத்தையும் செய்யும் ப்ரீஆம்ப் உள்ளேயே இருக்கிறது, பின்புறத்தில் ஃபோனோ, லைன் என்று ஒரு சிறு சுவிட்சும் இருக்கும். அது லைனில் (ப்ரீஆம்ப் இயங்கும் நிலையில்) நிற்கும்போது கேபிள் ஃபோனோ உள்ளீட்டில் செருகியிருந்தால் பெருக்கமும் திருத்தமும் இருமுறை நடந்து ஒலி பாழாகும். சுவிட்சை ஃபோனோவுக்கு மாற்றுங்கள், அல்லது கேபிளைச் சாதாரண சிக்னலுக்கான ஆக்ஸ் உள்ளீட்டுக்கு மாற்றுங்கள். இரண்டையும் சேர்த்துச் செய்தால் ஒலி மெலிந்து, பாஸே இல்லாமல் கேட்கும்.

கைப்பேசி அல்லது கணினியின் ஹெட்போன் துளையிலிருந்து எடுக்கும்போது, மூலத்தின் வால்யூமை முழுவதும் ஏற்றாமல் சற்றுக் கீழே நிறுத்தி, மீதியை ஆம்ப்ளிஃபையரில் கூட்டிக்கொள்வது நல்லது. ஈக்வலைசரில் பாஸைக் கூட்டியிருந்தால் டிஜிட்டல் நிலையிலேயே அலை வெட்டுப்படலாம், எனவே சோதனையின்போது அதை முழுவதும் அணைத்துவிடுங்கள். தொலைக்காட்சியிலிருந்து ஆப்டிகல் கேபிள் வழியே இரைச்சல் மட்டும் வந்தால், தொலைக்காட்சியின் ஒலி அமைப்பைப் பி.சி.எம். (சுருக்கப்படாத டிஜிட்டல் ஒலி) என்று மாற்றிப் பாருங்கள். டால்பி சிக்னலைப் பிரித்தறியத் தெரியாத கருவி அதை இரைச்சலாகவே ஒலிக்கும், அல்லது மௌனமாகிவிடும்.

தொட்டால் அல்லது அசைத்தால் மாறும் கரகரப்பு அழுக்கின் அடையாளம். பிளக்குகளை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, மின்சாரத்தைத் துண்டித்த நிலையில் வால்யூம் குமிழையும் உள்ளீட்டுத் தேர்வியையும் பல முறை திருப்புங்கள். பழைய கருவிகளில் இதுவே பாதிப் பழுதைப் போக்கிவிடும். விலை உயர்ந்த கேபிள் வாங்கும் யோசனையை அதன் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

உரக்க வைக்கும்போது மட்டும் கெட்டால், பெரும்பாலும் ஆம்ப்ளிஃபையர் தன் எல்லையைத் தொடுகிறது என்று பொருள். பாஸைக் குமிழால் 6 டெசிபல் கூட்டினால் அந்தத் தாழ்சுருதிகளுக்கு நான்கு மடங்கு ஆற்றல் வேண்டியிருக்கிறது. பலர் இதை அறியாமலே டோன் குமிழ்களை ஏற்றி வைத்திருக்கிறார்கள். இரண்டு 8 ஓம் ஸ்பீக்கர்களை ஒரே முனையில் இணையாகப் பூட்டினால் மொத்தச் சுமை 4 ஓம் ஆகிவிடும், அதைத் தாங்குமா என்பதைக் கருவியின் பின்புறத்தில் அச்சிட்டிருக்கும் குறிப்பில் பார்க்க வேண்டும். ஸ்பீக்கர் ஒயரின் ஓர் இழை பக்கத்து முனையைத் தொட்டுக்கொண்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஸ்பீக்கரையே சந்தேகித்தால், மின்சாரத்தை அணைத்து, கூம்பை இரு பக்கமும் விரல்களால் சமமாக மெல்ல அழுத்திப் பாருங்கள். உரசல் சத்தம் கேட்டால் கூம்பை அசைக்கும் கம்பிச்சுருளான வாய்ஸ் காயில் கெட்டிருக்கிறது. விளிம்பின் ஃபோம் பொடிந்திருந்தால் அதை மட்டும் மாற்றிக்கொள்ள முடியும்.

இசை நின்ற பிறகும் தொடரும் ரீங்காரம் இந்த வகைச் சிதைவைச் சேர்ந்தது அல்ல. அது பெரும்பாலும் கிரவுண்ட் லூப், அதாவது சாதனங்களின் தரை இணைப்புகள் ஒன்றுக்கு மேற்பட்ட வழியில் சேர்ந்து உண்டாகும் சுற்று. டர்ன்டேபிளின் தரை ஒயர் ஆம்ப்ளிஃபையரில் இணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, சாதனங்களை ஒரே மின்பலகையில் செருகிப் பாருங்கள். பிளக்கின் எர்த் முனையை ஒருபோதும் நீக்காதீர்கள், மின்சார அதிர்ச்சியிலிருந்து காப்பது அதுதான். ஆம்ப்ளிஃபையரின் ஒரு சேனல்தான் பழுது என்று உறுதியானால் மூடியைத் திறக்காமல் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துவிடுங்கள், ஏனெனில் மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்களில் மின்னூட்டம் தங்கியிருக்கும்.