கோயில் கலைப் புத்தகங்களைப் படிப்பது எப்படி?

கோயில் கலை பற்றிய பெரிய படப் புத்தகம் கையில் கிடைத்தால், பலர் படங்களைப் புரட்டிவிட்டு 'அருமை' என்று சொல்லி அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். இன்னும் சிலர் முதல் அத்தியாயத்தில் தொடங்கி, வடமொழிக் கலைச்சொற்களில் தடுக்கி நின்றுவிடுகிறார்கள். பாளையங்கோட்டையில் ஓவிய ஆசிரியராக வேலை பார்த்தபோது பிள்ளைகளுக்கு நான் சொல்லித்தந்த வழி வேறு. நம் பக்கத்துக் கோயில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அந்தக் கோயிலுக்காகப் புத்தகத்தைப் படியுங்கள். கல்லுக்கு முன்னால் நின்று சரிபார்க்கும்போதுதான் படித்தது மனதில் நிற்கும்.

வாங்கும் முன் கடைசிப் பக்கங்களைத் திருப்பிப் பாருங்கள். ஊர்ப்பெயர் அடைவு (இண்டெக்ஸ்) இருக்கிறதா? படத்துக்குக் கீழே ஊர், கோயிலில் எந்த இடம், எந்தக் காலம் என்ற மூன்றும் இருக்கின்றனவா? 'நடனமாடும் சிவன், தென்னிந்தியா' என்று மட்டும் போட்டிருந்தால், தாள் எவ்வளவு வழவழப்பாக இருந்தாலும் நான் காசு கொடுக்க மாட்டேன். கோயிலின் தரைப்படமும் அதில் அளவுகோலும் திசைக்குறியும் இருந்தால் நல்ல புத்தகம். பழைய ஆய்வு நூல்களில் படங்கள் மொத்தமாகக் கடைசியில் இருக்கும். மைக்கேல் மெய்ஸ்டரும் எம்.ஏ. டாக்கியும் பதிப்பித்த இந்தியக் கோயில் கட்டடக்கலைக் களஞ்சியத்தின் முதல் தென்னிந்தியத் தொகுதியில் (1983) எழுத்து ஒரு புத்தகம், படங்கள் இன்னொரு புத்தகம். இரண்டையும் விரித்து வைக்கப் பெரிய மேசை வேண்டும், நூலகம்தான் அதற்குச் சரி. பழைய நூல்கள் பல இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் ஸ்கேனில் படங்கள் பெரும்பாலும் கறுப்பாக அப்பிக் கிடக்கும். எழுத்தைப் போனில் படித்துக்கொள்ளுங்கள், படத்தை அச்சில் பாருங்கள்.

தொடக்கக்காரர்களுக்கு நான் முதலில் கொடுக்கும் பாடம் போதிகை. தூணின் தலையில் உட்கார்ந்து உத்தரத்தைத் தாங்குகிற கல்தான் அது. புதுச்சேரியில் ஆசிரியராக இருந்த பிரெஞ்சுக்காரர் ழூவோ துப்ராய், 1914-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில் இந்தப் போதிகை காலத்துக்குக் காலம் மாறுவதை வரைந்து காட்டினார். புகைப்படத்தைவிடக் கோட்டோவியம் எவ்வளவு பேசும் என்பதற்கு அந்தப் பக்கங்களே சாட்சி. பல்லவர் காலத்தில் வளைந்த விளிம்பு, அதில் அலை அலையாகத் தரங்கம். சோழர் காலத்தில் சாய்வாக வெட்டிய கோணம், நடுவே சிறு துருத்தல். பிறகு அந்தத் துருத்தல் வளர்ந்து மொட்டாகிறது. விஜயநகர, நாயக்கர் காலத்துக்கு வந்தால் கவிழ்ந்த பூவாகவும் வாழைப்பூவாகவும் தொங்குகிறது. இந்த வரிசையை உங்கள் கையால் நோட்டில் வரைந்துகொள்ளுங்கள், மொபைலில் படம் எடுத்தால் போதாது. கை வரைந்ததைத்தான் கண் பிறகு அடையாளம் காணும்.

அந்த நோட்டோடு நெல்லையப்பர் கோயிலுக்குப் போங்கள். கருவறைப் பக்கத்திலிருந்து வெளியே ஒவ்வொரு மண்டபமாகப் போதிகைகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டே வந்து, சுவாமி கோயிலையும் அம்மன் கோயிலையும் இணைக்கிற 17ஆம் நூற்றாண்டுச் சங்கிலி மண்டபத்தில் முடியுங்கள். ஒரே கோயிலுக்குள் பல நூற்றாண்டுகள் நிற்பது தெரியும். ஒரு தூணை மட்டும் பார்த்து முழு மண்டபத்துக்கும் காலம் சொல்லிவிடாதீர்கள். திருப்பணியில் பழைய தூணை எடுத்து வேறிடத்தில் நட்டிருப்பார்கள், பழைய பாணியிலேயே புதிதாகவும் செதுக்கியிருப்பார்கள்.

அப்புறம் உருவங்கள். திருவிதாங்கூர் தொல்லியல் துறைத் தலைவராக இருந்த து.அ. கோபிநாத ராவ் 1914 முதல் 1916 வரை வெளியிட்ட இந்துப் படிமவியல் நூல், அதாவது தெய்வ உருவங்களை அடையாளம் காண உதவும் நூல், இன்றும் மேசையில் இருக்க வேண்டியது. அதைக் கதைப் புத்தகம்போல வரிசையாகப் படிக்க வேண்டாம். சிற்பத்தின் முன் நின்று எத்தனை கைகள், எந்தக் கையில் என்ன, தலையில் என்ன, கால் எப்படி மடங்கியிருக்கிறது, கீழே யார் என்று இந்த வரிசையில் எழுதுங்கள். பெயரை ஊகிப்பது கடைசி வேலை. வீட்டுக்கு வந்து அடைவில் தேடுங்கள்.

கழுகுமலை வெட்டுவான் கோயிலுக்கு இதே முறையில் போங்கள். கோவில்பட்டி–சங்கரன்கோவில் சாலையில், இன்றைக்குத் தூத்துக்குடி மாவட்டம், 1986 வரை நம் திருநெல்வேலி மாவட்டம். 8ஆம் நூற்றாண்டில் பாண்டியர் மலையை மேலிருந்து கீழாக வெட்டி, முடிக்காமல் விட்ட ஒற்றைக்கல் கோயில். தட்சிணாமூர்த்திக்கு கோபிநாத ராவ் வியாக்கியானம், ஞானம், யோகம், வீணாதரம் (வீணை ஏந்தியது) என நான்கு வடிவங்கள் சொல்கிறார். இங்கே விமானத்தில் இருப்பவரோ மிருதங்கத்தோடு உட்கார்ந்திருக்கிறார். எனக்குத் தீராத சந்தோஷம் தருகிற இடம் இது. சாஸ்திரம் தெரிந்தபின் பார்த்தால்தான் அந்தச் சிற்பி எடுத்துக்கொண்ட சுதந்திரம் புரியும்.

அதே மலையில் சமணச் சிற்பங்களும் வரிசையாக உண்டு. படப் புத்தகம் பார்சுவநாதரையும் கொடி சுற்றிய பாகுபலியையும் சிங்கத்தோடு நிற்கும் அம்பிகையையும் பெரிதாகக் காட்டும். சின்னத் தீர்த்தங்கரர்களின் கீழே உள்ள வட்டெழுத்துக் கல்வெட்டுகளைப் பெரும்பாலும் படத்திலிருந்து வெட்டிவிடும். தென்னிந்தியக் கல்வெட்டுகள் 5ஆம் தொகுதியில் அந்த வாசகங்கள் அச்சாகியுள்ளன. அதையும் சேர்த்துப் படித்தால், இந்த உருவங்களைச் செய்வித்தவர்களின் பெயர்கள் வரும். அவர்களில் குரத்தியர் என்ற பெண் துறவிகளும் உண்டு. மலையில் நின்று ஒரு பெயரையாவது கல்லில் தேடிப் பாருங்கள்.

படிமவியல் நூல் கைகொடுக்காத இடமும் இருக்கிறது. திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் பஸ்ஸில் சுமார் 13 கிலோமீட்டர் போனால் கிருஷ்ணாபுரம் வெங்கடாசலபதி கோயில். நாயக்கர் காலத்து வீரபத்திரருக்கும் மன்மதனுக்கும் ரதிக்கும் நூலில் வழி உண்டு. இளவரசியைத் தோளில் தூக்கிப்போகும் குறவனுக்கு ஆகமத்தில், உருவத்தை வர்ணிக்கிற தியான சுலோகம் தேட முடியாது. நாட்டார் கதைகள், சிற்றிலக்கியம் பற்றிய நூல்களை அப்போது திறக்க வேண்டும். திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சி நினைவுக்கு வரத்தான் செய்யும். ஆனால் அது 18ஆம் நூற்றாண்டு, சிற்பம் அதற்கு முந்தியது. பின்னால் வந்த பாட்டை வைத்து முன்னால் வந்த கல்லுக்கு விளக்கம் எழுதிவிடாதீர்கள்.

சுவரோவியப் புத்தகங்களில் வேறொரு கவனம் வேண்டும். திருப்புடைமருதூர் கோபுரத்தின் உள் அடுக்குகளில் ஓவியங்களும் மரச்சிற்பங்களும் உள்ளன. குதிரைகளோடு கப்பல் வரும் காட்சியை மட்டும் வெட்டி முழுப்பக்கத்தில் போட்டால் பார்க்க அழகு, கதை போய்விடும். எந்த அடுக்கு, எந்தச் சுவர், இடமா வலமா என்று காட்டும் வரைபடம் உள்ள நூலைத் தேடுங்கள். நேரில் பார்க்க அனுமதி கேட்டு, வெளிச்சம் வீசும் டார்ச்சோடு போங்கள். எந்த ஓவியத்தையும் தொட வேண்டாம். சிற்பத்துக்கு டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் செதுக்கல் துலங்கும். கோடு தெரிய வேண்டும் என்று மாவோ எண்ணெயோ தடவுவது மன்னிக்க முடியாத காரியம்.

புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட புகைப்படங்கள் கொண்ட தொகுப்பு இருக்கிறது. பழைய படத்தையும் இன்றைய தூணையும் ஒப்பிட்டு, எது உடைந்தது, எதன்மேல் சுண்ணாம்போ பெயிண்டோ ஏறியது என்று தேதியோடு நோட்டில் எழுதுங்கள். புத்தக ஓரத்தில் எழுதுவதானால் பென்சில் மட்டும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் வழவழப்புத் தாள் ஈரம் வாங்கினால் பக்கங்கள் ஒட்டிக்கொள்ளும், உரித்தால் படம் கிழியும். சுவரை ஒட்டி வைக்காதீர்கள். கனமான புத்தகத்தைப் படுக்கவைத்தால் தையல் தாங்கும். பூச்சிக்கு வசம்பைத் துணியில் முடிந்து அலமாரியில் போடலாம், பக்கத்துக்குள் வைத்தால் கறை படியும். பைண்டிங்குக்குக் கொடுக்கும்போது, "அண்ணாச்சி, ஓரத்தை வெட்டிராதீங்க" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பட எண்கள் பெரும்பாலும் அந்த ஓரத்தில்தான் இருக்கும்.