சூரை மீனுக்கு டேக் இடுவது எப்படி: தொடக்க நிலையினருக்கான செய்முறை

மீனின் உடலில் எண் பொறித்த ஒரு சிறு குறியைப் பொருத்திக் கடலில் விட்டு, அது மறுபடி பிடிபடும்போது இரண்டு இடங்களையும் ஒப்பிட்டு அதன் வலசையை அறிவதே டேக் முறை. இந்தியப் பெருங்கடலில் 2005 முதல் 2007 வரை நடந்த திட்டத்தில் 1,68,000க்கும் மேற்பட்ட சூரை மீன்கள் இவ்வாறு விடப்பட்டன. பெரும்பாலானவை தான்சானியா கடற்பகுதியில் விடப்பட்டவை. அங்கு கையாண்ட முறையை ஒட்டியே இங்கு விளக்குகிறேன்.

1. பிடித்தல். வலையில் நசுங்கிய மீன் பிழைப்பது அரிது. ஆகவே உயிருள்ள இரைமீனைத் தூவிச் சூரைக் கூட்டத்தைப் படகருகே ஈர்த்து, கம்புத் தூண்டிலால் ஒவ்வொன்றாகத் தூக்க வேண்டும்.

2. டேக் இடுதல். மீனை ஈரமான, வழவழப்பான தொட்டிலில் கிடத்தி, மூக்கு நுனியிலிருந்து வால் பிளவு வரையுள்ள நீளத்தை அளவிடுங்கள். டேக் என்பது சேமியா போன்ற மெல்லிய பிளாஸ்டிக் குழல். அதன் ஒரு முனையில் அம்பு முனை போன்ற கொக்கி இருக்கும். அதைக் குழல் போல உள்ளே துளையுள்ள எஃகு ஊசியில் செருகி, இரண்டாம் முதுகுத் துடுப்பின் அடியில் சாய்வாகக் குத்தினால், துடுப்பைத் தாங்கும் எலும்புகளுக்கிடையே கொக்கி மாட்டிக்கொள்ளும். வெறும் சதையில் நின்றால் அது விரைவில் கழன்றுவிடும். இவையெல்லாம் சில நொடிகளில் முடிய வேண்டும். இரத்தம் கசியும் மீனுக்கு டேக் இடாதீர்கள்.

3. பதிவுசெய்தல். டேக் எண், மீனின் வகை, நீளம், தேதி, இடம். இவற்றில் ஒன்று தவறினாலும் அந்த மீனால் பயன் குறையும். சில மீன்களுக்கு இரண்டு டேக் இடுவது நல்லது. திரும்பி வருபவற்றில் எத்தனை ஒன்றை இழந்துள்ளன என்று பார்த்து, கழன்று விழும் வீதத்தைக் கணக்கிடலாம்.

4. திரும்பப் பெறுதல். என் பார்வையில் முழு முயற்சியும் இங்குதான் நிற்கிறது அல்லது சரிகிறது. 1,000 மீன்களுக்கு டேக் இட்டு விட்டதாகவும், பின்னர் பிடிபட்ட 5,000 மீன்களில் 50 டேக்குகள் கிடைத்ததாகவும் வைத்துக்கொள்வோம். 1,000ஐ 5,000ஆல் பெருக்கி 50ஆல் வகுத்தால் மொத்த இருப்பு 1,00,000 என வரும். அந்த ஐம்பதில் பாதியை மீனவர்கள் தெரிவிக்காமல் விட்டால், அதே கணக்கு 2,00,000 என்று காட்டும். கடலில் இல்லாத மீனை இருப்பதாக நம்பி, அளவுக்கு மீறிப் பிடிக்க அனுமதி கொடுத்துவிடுவோம். எனவே டேக்கைக் கொண்டுவருபவருக்கு உரிய பரிசைத் தாமதமின்றி வழங்குங்கள். அவர் கொடுத்த மீன் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லுங்கள். மீன்கூட்டத்தை வலையால் வளைத்துப் பிடிக்கும் சுருக்குமடிக் கப்பல்களில் இறந்த மீன்களுக்கு யாருமறியாமல் டேக் பொருத்தி, அவற்றில் எத்தனை இறங்குதளத்திலிருந்து திரும்புகின்றன என்று சோதிப்பதும், தெரிவிக்கப்படாமல் போகும் பங்கை அறிவதற்காகவே.

5. மேலாண்மைக்குக் கொண்டுசெல்லுதல். தொடக்கத்தில் சொன்ன இந்தியப் பெருங்கடல் திட்டத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு டேக் திரும்பியது. தான்சானியாவில் விடப்பட்ட சூரைகள் சேஷெல்ஸ், சோமாலியா கடற்பகுதிகளில் பிடிபட்டதால், ஒரு நாடு மட்டும் வரம்பு விதித்துப் பயனில்லை என்பது தெளிவானது. இந்தத் தரவுகள், இந்தியாவும் இலங்கையும் உறுப்பினராக உள்ள இந்தியப் பெருங்கடல் சூரை ஆணையத்தின் இருப்பு மதிப்பீடுகளில் சேர்க்கப்பட்டன. மஞ்சள் துடுப்புச் சூரையின் இருப்பை மீட்பதற்கான பிடிப்புக் குறைப்பை அவ்வாணையம் 2016இல் தீர்மானித்தது.